தீப்பெட்டியில் இரண்டு பொன்

எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இரண்டு விதமான பொன் தெரிந்திருந்தது. ஒன்று மலையடிவாரத்து வேல மரத்தில் கிடைக்கும். மற்றது மரக்காணத்துக் கடற்கரையில், அடப்பங்கொடி இலைக்கு அடியில் இருக்கும். இரண்டையும் தீப்பெட்டியில்தான் வைத்துக்கொள்வோம். மலைப் பொன் செத்துப்போன பிறகும் வருஷக்கணக்கில் மின்னும். கடற்கரைப் பொன் விடிவதற்குள் வெங்காயச் சருகாகிவிடும். ஏன் இப்படி என்று எட்டு வயதில் அம்மாவைக் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியவர நாற்பது வருஷம் ஆயிற்று. அதுவும் என் தையல் ஊசி வழியாகத்தான் வந்தது.

ஊர் பெருமுக்கல். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் வந்தால், சமவெளிக்கு நடுவே ஒரு பாறைக்குன்று தனியாக நிற்பது தூரத்திலேயே தெரியும். உச்சியில் சோழர் காலத்துச் சிவன் கோயில். ஏறும் வழியில் சீதை குகை. அதன் பாறையில் எந்தக் காலத்திலோ யாரோ கீறிவைத்த கோடுகளும் குறிகளும் இருக்கின்றன. சீதை இங்கேதான் பிள்ளை பெற்றாள், அவள் முக்கிய முக்கல்தான் ஊருக்குப் பேராயிற்று என்று எங்கள் ஆயா சொல்வாள். மலைமேல் கோட்டையும் இருந்தது. வெள்ளைக்காரர்கள் தங்கள் ஏடுகளில் 'பெர்மாகோயில்' என்று எழுதிய அந்தக் கோட்டையை, 1760இல் அயர் கூட் நடத்திவந்த ஆங்கிலேயப் படை பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்தது. கோயிலுக்கும் குகைக்கும் கோட்டைக்கும் சரித்திரம் எழுத ஆள் இருந்திருக்கிறார்கள். அடிவாரத்து வேலங்காட்டுக்கும் அதில் இருந்த வண்டுக்கும் யாரும் எழுதவில்லை. நான் ஆரி வேலை செய்பவள். துணியில் ஜமிக்கியும் ஜரிகையும் வைத்துத் தைத்துத்தான் இத்தனை வருஷம் பிழைத்திருக்கிறேன். வண்டைப் பற்றிச் சொல்ல எனக்கு என்ன பாத்தியம் என்றால், என் தொழிலின் பழைய பக்கம் ஒன்றில் அந்த வண்டு இருக்கிறது.

முதலில் மலைப் பொன். பொன்வண்டு என்றால் தமிழ்நாட்டில் இன்றைக்கு நாற்பது வயது தாண்டியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். பிள்ளைகளுக்கு விளக்க வேண்டியிருக்கிறது. பெரிய மனிதர் கட்டைவிரலின் மேல் கணு அளவு நீளம். உடம்பு தடித்து, வால்பக்கம் போகப்போகக் குறுகும். எங்கள் மலையில் இரண்டு சாதி உண்டு. ஒன்றுக்குக் கழுத்து மட்டும் மயில்பச்சை, முதுகுச் சிறகு காய்ச்சிய வெல்லப்பாகு நிறம். இன்னொன்று முழுக்கப் பச்சை, முதுகில் வெள்ளைப் புள்ளிகள். கழுத்தில் ஊசி குத்தினாற்போலக் குழிகுழியாக இருக்கும். ஆவணி, புரட்டாசியில் ஒரு மழை விழுந்து மண் நெகிழ்ந்தால் தலை காட்டும். ஐப்பசி அடைமழை முடிவதற்குள் இருந்த இடம் தெரியாது. வெள்வேல், கருவேல், கொடுக்காப்புளி இலைகள் அதற்கு ஆகாரம். கருக்கலில் போனால் குளிரில் விறைத்துக் கிளையைப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருக்கும். தொட்டால் காலை மடக்கிக்கொண்டு செத்ததுபோல் பொத்தென்று விழும். வெயில் ஏறிவிட்டால் பிடிக்க முடியாது. 'ர்ர்ர்' என்று பறந்துபோகும்.

பிடித்ததும் தீப்பெட்டி. அந்தக் காலத்துத் தீப்பெட்டி மெல்லிய மரச்சில்லில் செய்தது, மேலே நீலக் காகிதம் ஒட்டியிருக்கும். சிவகாசி அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து 1923இல் தங்கள் ஊரில் தொடங்கினார்கள் என்று படித்திருக்கிறேன். அந்தப் பெட்டிகள் ஊர் ஊராகப் போய், வீட்டுக்கு வீடு காலிப்பெட்டி சேர்ந்ததற்கு அப்புறம்தான் பொன்வண்டு வளர்ப்பது இப்படி ஒரு வழக்கமாகியிருக்க வேண்டும். அதற்கு முந்தைய பிள்ளைகள் எதில் வைத்தார்கள் என்று ஆயாவைக் கேட்டிருக்கிறேன். பனையோலைக் கொட்டான் என்றாள்.

பெட்டிக்குள் வேலங்கொழுந்தைக் கிள்ளிப் போடுவோம். சிலர் ஊசியால் மூச்சுத்துளை போடுவார்கள். காலில் நூலைக் கட்டிப் பறக்கவிடுவோம். அதன் கழுத்துக்கும் உடம்புக்கும் நடுவில் உள்ள இடுக்கில் ஈர்க்குச்சியை வைத்தால் கத்தரிபோல் நறுக்கென்று கவ்வும், அது ஒரு விளையாட்டு. எல்லாவற்றையும்விடப் பெரிது முட்டை. காலையில் பெட்டியைத் திறந்தால் நெல்லைவிடப் பருமனாக, வெளிர் மஞ்சளாக ஒன்றிரண்டு கிடக்கும். யார் வண்டு எத்தனை முட்டை போட்டது என்பதை வைத்துப் பள்ளிக்கூடத்தில் மரியாதையே மாறும். ஒரு முட்டைக்கு முழுப் பலப்பம் கொடுத்து வாங்கியவர்கள் உண்டு. அதைப் பஞ்சில் சுற்றி அரிசிப்பானைக்குள் வைத்துக் காத்திருப்போம். ஒன்றுகூடப் பொரித்ததில்லை. வண்டும் இரண்டு மூன்று வாரத்தில் செத்துப்போகும். சிறகைப் பிய்த்து நோட்டுப் புத்தகத்தில் வைத்துக்கொள்வோம். பெண்பிள்ளைகள் சின்னத் துண்டாக வெட்டி, கருவேலம் பிசினில் ஒட்டிப் பொட்டு வைத்துக்கொள்வோம். என் அக்கா சடங்குக்கு நெற்றியில் வைத்திருந்தது கடைப் பொட்டு அல்ல. இதுதான்.

கடற்கரைப் பொன் எனக்கு அம்மா வழியாகத் தெரியவந்தது. தை பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் அவள் மரக்காணம் உப்பளத்துக்கு வேலைக்குப் போவாள். சித்திரை லீவில் என்னையும் கூட்டிப்போவாள். பாத்தியில் அவள் உப்பு வாருவாள், தலையில் சுமந்துபோய் அம்பாரத்தில் கொட்டுவாள். வெள்ளையில் கண் கூசி நான் அழுவேன். "போ, அந்தப் பக்கம் மணல்ல விளையாடு கண்ணு" என்பாள். மணலில் அடப்பங்கொடி பாய் விரித்தாற்போல் படர்ந்திருக்கும். ஆட்டுக்குளம்புபோல் பிளந்த இலை, ஊதாப் பூ. சங்கப் பாட்டில் நெய்தல் நிலத்து மணற்குன்றில் படர்கிறதே அடும்பு, அது இந்தக் கொடிதான். அதன் இலைகளில் சல்லடைபோல் ஓட்டை இருக்கும். ஓட்டை விழுந்த இலையைப் புரட்டினால் ஒரு துளி தங்கம் ஒட்டியிருக்கும்.

விரல்நகத்தில் பாதிகூட இராது. உருவம் ஆமைபோல. ஓட்டின் விளிம்பு கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும், நடுவில் மட்டும் தங்கம் உருக்கி ஊற்றியதுபோல் இருக்கும். தொட்டால் காலையும் தலையையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு இலையோடு இலையாகப் படிந்துவிடும். ஆமை வண்டு என்று பேர். சக்கரவள்ளிக் கொடியிலும் வரும், ஏரிக்கரைகளில் அடர்ந்து கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கிலும் அதன் உறவுக்கார வண்டு வரும். எல்லாம் ஒரே குடும்பத்துச் செடிகள்.

இலைக்கு அடியில்தான் அதன் வாழ்வு முழுவதும். தாய் வண்டு முட்டைகளைச் சேர்த்து, காகிதம்போன்ற உறையில் பொதிந்து இலையடியில் ஒட்டிவிடும். அதிலிருந்து வரும் புழு தட்டையானது, ஓரமெல்லாம் முள். வாலில் கவைபோல் இரண்டு கொம்பு இருக்கும். தான் உரித்த தோலையும் போட்ட எச்சத்தையும் அந்தக் கவையில் சேர்த்துவைத்து, முதுகுக்கு மேல் குடைபோல் பிடித்துக்கொள்ளும். எறும்பு வந்தால் அந்த அழுக்குக் குடையை ஆட்டி விரட்டும். புழுவை நான் அப்போதே பார்த்திருக்கிறேன். அசிங்கம் என்று இலையோடு வீசியிருக்கிறேன். அந்த அழுக்குக் குடைப் புழுதான் சில வாரத்தில் தங்க வண்டாகப்போகிறது என்று அறியாத வயது. கூட்டுப்புழுவாவதும் அதே இலையில்தான். மண்ணுக்குப் போகாது.

அம்மாவிடம் காலித் தீப்பெட்டி வாங்கி அந்தத் தங்கத்தை உள்ளே வைத்து ஊருக்குக் கொண்டுவந்தேன். அக்காவிடம் காட்டக் காலையில் திறந்தால் உள்ளே செத்த ஒரு மங்கல் பழுப்பு. "யாரோ மாத்திட்டாங்க" என்று அழுதேன். அம்மா பெட்டியைப் பார்த்துவிட்டு, "உப்புக் காத்து படலைன்னா அது இருக்காது போல" என்றாள். அவளுக்குத் தெரிந்த காரணம் அது.

பதினாறு வயதில் நான் சென்னைக்குப் போனேன். ராயப்பேட்டையில் ஒரு முஸ்லிம் பெரியவரிடம் ஆரி வேலை கற்றேன். உஸ்தாத் என்று கூப்பிடுவோம். மரச்சட்டத்தில் துணியைப் பறைபோல் இழுத்துக் கட்டி, தரையில் உட்கார்ந்து, மேலே ஒரு கை, கீழே ஒரு கை. கீழ்க்கை நூலைக் கொடுக்கும். மேற்கை கொக்கி ஊசியால் அதை இழுத்து முடிச்சிடும். மேலே தெரிவது வேலை, கீழே இருப்பது வேலைக்காரி என்பார் உஸ்தாத். அவர்தான் முதன்முதலில் சொன்னார், அவருடைய பாட்டனார் காலத்தில் துரைசானிகளுக்கு வண்டுச் சிறகு வைத்துத் தைத்தார்கள் என்று. நான் நம்பவில்லை. ஊரில் நோட்டுப் புத்தகத்துக்குள் இருப்பதை எந்தத் துரைசானி உடுத்துவாள் என்று நினைத்தேன்.

அவர் சொன்னது நிஜம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெட்ராஸ் அந்த வேலைக்குப் பேர்போன ஊர். கல்கத்தாவிலும் ஐதராபாத்திலும்கூட நடந்தது. வெள்ளை மஸ்லின் துணியில் பொன்வண்டின் பச்சைச் சிறகை இலையாக வைத்து, சுற்றிலும் ஜரிகையில் கொடி ஓட்டி, அடிக்கரை முழுவதும் தைத்துக் கொடுப்பார்கள். இங்கே உத்தியோகத்துக்கு வந்தவர்களின் மனைவிமார் கவுன் துணியாகவும் சால்வையாகவும் வாங்கிப்போனார்கள். 1851இல் லண்டனில் கண்ணாடி மாளிகை கட்டி நடத்திய பெரும் பொருட்காட்சியில் இந்தியத் துணிகளோடு இந்தத் தையலும் இருந்தது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தில் இன்றும் அப்படிப்பட்ட துணிகள் இருக்கின்றன. வெள்ளைக்காரருக்காகத் தொடங்கியதும் அல்ல அது. முகலாயர் காலத்திலேயே பாகைகளிலும் இடைக்கச்சுகளிலும் வண்டுச் சிறகு உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் பசோலி என்கிற மலைநாட்டின் ஓவியர்கள், படத்தில் மரகத நகை வருகிற இடங்களில் சிறகைப் பொடித்துண்டாக வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். இன்னும் பழையது ஜப்பானில் நாரா பக்கம் ஹோர்யூஜி மடத்தில் இருக்கும் ஒரு சின்னக் கோயில் மாடம். ஏழாம் நூற்றாண்டில் செய்தது. அதன் உலோகப் பட்டைகளுக்கு அடியில் அந்த ஊர்ப் பொன்வண்டுச் சிறகைப் பரப்பியிருந்தார்கள்.

பர்மா, சயாம் எல்லையில் வாழும் கரேன் மக்களின் சால்வை ஒன்றைப் பற்றிப் படித்தபோது அதைத் தொட்டுப் பார்க்க ஆசையாக இருந்தது. சால்வையின் குஞ்சத்தில் முழுச்சிறகுகளைத் தொங்கவிடுவார்கள். நடந்தால் ஒன்றோடொன்று மோதிச் சலசலக்கும். சாவு வீட்டில் பாடும்போது அணிவதால் 'பாடும் சால்வை' என்கிறார்கள். சிறகின் ஓசைக்காகத் தைத்தவர்களும் இருந்திருக்கிறார்கள் என்பது என் உஸ்தாத்துக்குக்கூடத் தெரியாது.

நானும் ஒரே ஒரு முறை அந்த வேலை செய்திருக்கிறேன். பதினைந்து வருஷம் முன்பு, துணி வடிவமைக்கும் ஒரு பெண் தாய்லாந்திலிருந்து வந்த சிறகுப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து, கல்யாண ரவிக்கைக்கு வைக்க வேண்டும் என்றாள். பொட்டலத்தைப் பிரித்த மாத்திரத்தில் எனக்குப் பெருமுக்கல் வாசனை வந்துவிட்டது. ஊசியை எடுத்துக் குத்தினேன், சிறகு பிளந்துபோயிற்று. இரண்டு, மூன்று, ஐந்து பிளந்தது. பிறகு இட்லிப் பானை ஆவியில் காட்டினேன். நெகிழ்ந்து கொடுத்தது. நெகிழ்ந்திருக்கும்போதே ஓரத்தைக் கத்தரித்து, இரண்டு முனையிலும் துளை போட்டுவிட வேண்டும். ஆறினால் பழையபடி விறைத்துக்கொள்ளும். ஓரம் கத்திபோல, நூலைச் சொரசொரவென்று அறுக்கும். ஆகவே நூல் உரசாதபடி முனையைத் தேய்த்துவிட்டேன். சிறகுக்கு வளைவு இருக்கிறது, இடது வலது இருக்கிறது. ஒரே பக்கத்துச் சிறகை வரிசையாக வைத்தால் எல்லாம் ஒரே திசையில் சாயும். பக்கம் மாற்றி மாற்றி வைத்தால் கொடியில் இலை எதிரெதிராக விட்டதுபோல் அமையும். ஒருகை அகல வேலைக்கு மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும், ஒரு முழுக் கவுனுக்கு ஆயிரக்கணக்கில் வைத்துத் தைத்த மெட்ராஸ்காரர்களை நினைத்துக்கொண்டேதான் இருந்தேன். விளக்கு வெளிச்சம், கண்ணாடி போடாத கண்.

அவர்களில் ஒருவர் பேர்கூட எனக்குக் கிடைக்கவில்லை. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். உடுத்தியவர்கள் பேரும், வரைந்தவர்கள் பேரும் துல்லியமாக இருக்கிறது. 1888 டிசம்பரில் லண்டன் லைசியம் நாடக அரங்கில் எல்லன் டெர்ரி என்ற நடிகை லேடி மக்பெத்தாக வந்தார். அவருடைய பச்சை அங்கியில் சுமார் 1,000 பொன்வண்டுச் சிறகுகள். அங்கியை வடிவமைத்தவர் அலிஸ் கோமின்ஸ் கார், தைத்தவர் அடா நெட்டில்ஷிப். அதை உடுத்தி அவர் நின்றதை 1889இல் ஜான் சிங்கர் சார்ஜென்ட் வரைந்தார். படம் டேட் கேலரியில் இருக்கிறது. 1903இல் டில்லி தர்பாரின்போது வைஸ்ராய் கர்சனின் மனைவி உடுத்திய மயில்தோகை கவுனிலும் ஒவ்வொரு தோகைக் கண்ணுக்கு நடுவில் வண்டுச் சிறகு. கவுனாகத் தைத்தது பாரிஸ் வொர்த் கடை. தோகைகளை ஜரிகையில் எடுத்தவர்கள் டில்லிக் கைவேலைக்காரர்கள். அவர்களில் ஊசி பிடித்த எவருடைய பேரும் கவுனோடு சேர்த்துச் சொல்லப்படுவதில்லை. மெட்ராஸ் மஸ்லின்களுக்கு அருகில் மியூசியச் சீட்டில் ஊர்ப் பேர் இருக்கிறது. அதற்குக் கீழே ஆள் பேர் இல்லை. துணிக்கு அடியில் இருந்த கை துணிக்கு அடியிலேயே நின்றுவிட்டது.

எல்லன் டெர்ரியின் அங்கி நாடகம் நாடகமாகப் போய் நைந்துவிட்டது. இங்கிலாந்தில் அவர் வாழ்ந்த ஸ்மால்ஹைத் வீட்டில் வைத்திருந்ததை எடுத்துச் செப்பனிட்டு, 2011இல் திரும்பவும் பார்வைக்கு வைத்தார்கள். உதிர்ந்த சிறகுகளைப் பத்திரப்படுத்தி வைத்திருந்து அதே இடத்தில் தைத்தார்களாம். விரிசல் விட்டவற்றை ஜப்பானிய மெல்லிய தாளும் கோதுமைக் கஞ்சியும் வைத்து ஒட்டினார்களாம். ஒவ்வொன்றாக! அந்தப் பொறுமைக்கு நான் கைகூப்புகிறேன். நூற்றிருபது வருஷத்துச் சிறகின் பச்சை மங்கவில்லை.

மங்காததற்குக் காரணம், அதில் மங்குவதற்குச் சாயமே இல்லை. சிறகின் மேல்தோல் மிக மெல்லிய அடுக்குகளாக அமைந்திருக்கிறது. அடுக்குகளில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் ஒன்றோடொன்று சேர்ந்து பச்சையாகக் கண்ணுக்கு வருகிறது. சாய்த்துப் பார்த்தால் நீலம் தட்டுவதும் அதனால்தான். அடுக்கு காய்ந்து இறுகியது. வண்டு செத்தாலும் அடுக்கு கலையாது. ஆமை வண்டின் தங்கமும் அடுக்கு வெளிச்சம்தான், ஆனால் அந்த அடுக்குகளில் ஈரம் இருக்க வேண்டும். உயிர் இருக்கும்வரை உடம்பு அதை ஈரமாக வைத்திருக்கிறது. வண்டு செத்து ஈரம் வற்றினால் தங்கம் அணைந்துபோகும். அம்மா 'உப்புக் காத்து' என்றது தவறாக இருந்தாலும், காய்ந்துதான் போயிற்று என்பதுவரை அவள் கிட்டத்தில் வந்திருக்கிறாள். அவளிடம் இதைச் சொல்ல எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

எந்தத் தையல்காரனும் ஆமை வண்டைத் துணியில் வைக்காததற்கும் இதுவே காரணம். அந்தப் பொன்னை விற்க முடியாது. அது கொடியில் இருக்கும்போது பார்த்துக்கொள்ள வேண்டியது, அவ்வளவுதான்.

பேர் வைத்ததிலும் ஒரு குழப்பம் நடந்திருக்கிறது. தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் இருந்த காலத்தில், அங்கிருந்த மிஷன் மருத்துவர்களும் பாதிரிமார்களும் பூச்சிகளைச் சேகரித்துப் பெட்டிபெட்டியாக ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். 1768இல் தரங்கம்பாடி வந்த யோகான் கெர்ஹார்ட் கோனிக் அவர்களில் ஒருவர். லின்னேயஸின் மாணவர் ஃபப்ரீசியஸ் அப்படி வந்த பூச்சிகளுக்கெல்லாம் பேர் சூட்டினார். எங்கள் வெல்லப்பாகுச் சிறகுப் பொன்வண்டுக்கு 1775இல் அவர் வைத்த பேர் 'கிரைசிஸ்'. கிரேக்கத்தில் பொன்னைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. பெருமுக்கல் பிள்ளைகளும் ஃபப்ரீசியஸும் கலந்துபேசாமலே ஒரே பேரை வைத்திருக்கிறார்கள். புள்ளிப் பச்சை வண்டுக்கு லின்னேயஸே 1758இல் 'ஸ்டெர்னிகோர்னிஸ்' என்று வைத்தார். நெஞ்சுக் கொம்பன் என்று பொருள். புரட்டிப் பார்த்தால் நெஞ்சில் முன்னோக்கி ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கும். பெட்டியில் வைத்துப் புரட்டிய பிள்ளைகள் எல்லோரும் அதைத் தொட்டிருக்கிறோம். குழப்பம் குடும்பப் பேரில்தான். ஆமை வண்டு சேர்ந்த இலைவண்டுக் குடும்பம் உலகில் 35,000 இனங்களுக்கு மேல் உள்ள பெருங்குடும்பம். அதற்குக் கிரைசோமெலிடே என்று, பொன்னை முன்னால் வைத்துப் பேர். நம் பொன்வண்டு சேர்ந்த குடும்பத்துக்கோ புப்ரெஸ்டிடே. 'மாட்டை ஊதவைப்பது' என்று பொருள் தரும் பழைய கிரேக்கச் சொல். மேய்ச்சலில் தப்பித்தவறித் தின்ற மாடு வயிறு ஊதிச் சாகும் என்று ஏதோ ஒரு வண்டைப் பற்றி அந்நாளில் நம்பியிருக்கிறார்கள்.

துணியில் உள்ள சிறகெல்லாம் நம் மலை வண்டினுடையது என்றும் நான் சொல்லமாட்டேன். அந்தக் காலத்துக் கவுன்களில் அதிகம் இருப்பது பர்மா, சயாம் பக்கம் பெருகும் முழுப்பச்சை இனம். புள்ளியில்லாத, நீண்ட பச்சைச் சிறகு அதற்குத்தான் உண்டு. எங்கள் மலைச் சிறகு மெட்ராஸ் போனதோ இல்லையோ, மெட்ராஸ் கைகளுக்கு அந்தச் சிறகு எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்திருந்தது. சின்ன வயதில் அதைப் பிடித்து வளர்க்காதவர்கள் அந்தக் கூட்டத்தில் இருந்திருக்க முடியாது என்று நினைக்கிறேன்.

நாங்கள் அரிசிப்பானையில் வைத்த முட்டை ஏன் பொரிக்கவில்லை என்பதும் பிற்பாடுதான் தெரிந்தது. பொன்வண்டு முட்டையை மரத்தடி மண்ணில் போடும். புழு மண்ணுக்குள் பிறந்து, மண்ணுக்குள்ளேயே வேரைக் கடித்து வளரும். கால் கிடையாது, வெளுத்த உடம்பு, வெயிலே படாத வாழ்வு. ஒரு வருஷம், சில இடங்களில் இரண்டு வருஷம்கூட அப்படி இருக்கும். கூடு கட்டி வண்டாக மாறுவதும் மண்ணறைக்குள். மழைக்கு மண் இளகியதும் முட்டிக்கொண்டு மேலே வரும். மேலே வந்தபின் அதற்கு இருப்பது சில வாரம்தான். இலை தின்னவும், சோடி சேரவும், முட்டை போடவும் அவ்வளவு அவகாசம்தான். அந்த வாரங்களைத்தான் நாங்கள் தீப்பெட்டியில் அடைத்தோம். பலப்பம் கொடுத்து வாங்கிய முட்டையை மண்ணில் போட்டிருந்தால் போதும்.

நாங்கள் பிடித்ததால் வண்டு அற்றுப்போகவில்லை. எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகள் பிடித்தும் அடுத்த புரட்டாசிக்கு வந்துகொண்டுதான் இருந்தது. மண்ணைத் தொட்டதும் மரத்தை மாற்றியதும்தான் அதைக் குறைத்தது. சீமைக்கருவேல விதை 1877இல் ஜமைக்காவிலிருந்து சென்னை மாகாணத்துக்கு வந்தது, கடப்பைப் பக்கம் முதலில் போட்டார்கள். விறகுக்காகக் கொண்டுவந்த அந்த மரம் இன்று மரக்காணத்துக் கழுவெளி நீர்நிலை ஓரம்வரை நிற்கிறது. 2021 டிசம்பரில் கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாக அரசு அறிவித்தபோது, நீர்ப்பறவைகளுக்கு ஓர் இடமாயிற்று என்று ஊரே சந்தோஷப்பட்டது, நானும்தான். ஆனால் அடிவாரத்தில் இருந்த வெள்வேலும் கருவேலும் வெட்டுப்பட்டு, புறம்போக்கு மனைக்கட்டாகி, மிச்ச இடத்தை டிராக்டர் ஓட்டிப் புரட்டுகிறார்கள். வேரடியில் இரண்டு வருஷம் கலையாத மண் வேண்டும் என்பது ஒரு புழுவின் கோரிக்கை. அதைக் கேட்கும் அலுவலகம் எதுவும் இல்லை.

ஏரிக்கரையில் இன்னும் ஒரு வெள்வேல் நிற்கிறது. போன ஐப்பசியில் என் பேத்தி பிளாஸ்டிக் டப்பாவில் ஒரு பொன்வண்டைக் கொண்டுவந்தாள். புள்ளிப் பச்சை. எந்த மரத்தில் பிடித்தாய் என்று கேட்டுவிட்டு டப்பாவைத் திறந்தேன். உள்ளே நாலு முட்டை.

"ஆயா, பஞ்சுல சுத்தி அரிசில வெக்கலாமா? நீ அப்படித்தான வெப்பியாம், அம்மா சொல்லுச்சு" என்றாள்.

இரண்டு பேரும் ஏரிக்கரைக்குப் போனோம். வண்டைக் கிளையில் விட்டாள். கொஞ்ச நேரம் செத்ததுபோல் இருந்துவிட்டு மெல்ல இலைப்பக்கம் ஏறியது. மரத்தடியில் ஈரமண்ணை விரலால் கிளறி, நாலு முட்டையையும் தள்ளித்தள்ளி வைத்து மூடினோம். எப்போது வரும் என்று கேட்டாள். அடுத்த ஐப்பசிக்கு வரலாம், அதற்கடுத்த ஐப்பசியும் ஆகலாம் என்றேன். அவ்வளவு நாளா என்று முகம் சுண்டிப்போயிற்று. வீட்டுக்கு வந்ததும் காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் எதையோ எழுதி என் ஊசிப்பெட்டியில் போட்டுவைத்தாள். எடுத்துப் பார்த்தேன். மரம் வரைந்து, அடியில் நாலு புள்ளி வைத்து, பக்கத்தில் தன் பேரை எழுதியிருந்தாள்.